"நீங்கள் ஆற்றை பிள்ளை?": வன்னியின் தொண்டர் குழுமங்களில் புதியவர்கள் ஏன் தங்குவதில்லை

இலங்கையின் வடக்கே, வன்னி என்று அழைக்கப்படும் பகுதியின் கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்துக்குக் கீழே இருக்கும் ஒரு கிராமத்தின் வட்ஸ்அப் குழுமத்தில் நானும் ஓர் உறுப்பினர். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் நீருக்குள் நின்றபோது, எந்த வீட்டில் ஆட்கள் அகப்பட்டிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல் நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் அறிவிப்பதற்காக எட்டுப் பேர் தொடங்கிய குழுமம் அது. வெள்ளம் வடிந்த பின்னரும் அது கலையவில்லை. இன்று அதில் இருநூறுக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்கான கொப்பிகள், பொதுக்கிணறு இறைப்பு, சத்திரசிகிச்சைக்கான உதவி, மரண அறிவித்தல் என ஊரின் பாதி அலுவல்கள் அந்தச் சிறிய திரையில்தான் நடக்கின்றன.

அந்த ஊருக்குத் திருமணமாகி வந்த இளம் ஆசிரியை ஒருவர் ஒரு நாள் மாலை அதில் ஒரு செய்தி இட்டார். கவனமாக எழுதப்பட்ட செய்தி. சென்ற ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகைக் கொப்பி கொடுக்கப்பட்டது என்றும், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக்குச் சதுரக் கோட்டுக் கொப்பியும் ஆங்கிலத்துக்கு இரட்டைக் கோட்டுக் கொப்பியும் வேண்டும் என்றும், வகுப்பு வாரியாக எத்தனை தேவை என்ற கணக்கைத் தான் எடுத்து வைத்திருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். இரண்டு மணிநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பதில் வந்தது: "தங்கச்சி, நீங்கள் ஆற்றை பிள்ளை?" யாருடைய பிள்ளை என்பது அதன் பொருள். அவர் கணவரின் பெயரைச் சொன்னார். "ஓ, அவையின்ரை மருமகளோ. இதெல்லாம் நிர்வாகம் முந்தியே கதைச்சு முடிவெடுத்தது பிள்ளை." அடுத்த நாள் காலை முருகன் படத்துடன் வந்த "காலை வணக்கம்" ஒன்றுக்குப் பதினான்கு பேர் இதயக்குறி இட்டார்கள். ஆசிரியையின் செய்தி மேலே போய் மறைந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் குழுமத்தை விட்டு வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி திரையின் நடுவில் தோன்றியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கெட்ட மனிதர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். ஊரில் எவருக்கு எது நடந்தாலும் முதலில் போய் நிற்பவரும் அவரே. நல்லவர்கள் சேர்ந்து நல்ல நோக்கத்துக்காக நடத்தும் ஒரு குழுவிலிருந்து, அந்த நோக்கத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒருவர் பன்னிரண்டு நாட்களில் போய்விடுகிறார் என்றால், அதற்கான காரணத்தை எவருடைய குணத்திலும் தேடிப் பயனில்லை. சம்பளமில்லாத உழைப்பால் உருவாகும் குழுக்கள் எப்படி வளர்கின்றன, வளரும்போது எங்கே இறுகுகின்றன என்பதில்தான் அந்தக் காரணம் இருக்கிறது.

"ஆற்றை பிள்ளை" என்ற கேள்விக்கு வன்னியில் ஒரு நியாயமும் உண்டு. ஆளை அறியாமல் பொறுப்பைக் கொடுக்க முடியாது. முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளின் படத்தைக் காட்டிப் பணம் சேர்த்துக்கொண்டு மறைந்த கதைகள் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கேள்வி, சொல்லப்பட்ட விடயத்தைப் புறத்தே தள்ளிவிட்டு, சொன்னவரின் வேரைத் தேடுகிறது. வேர் கிடைத்துவிட்டால் விடயம் மறந்துபோகிறது; வேர் கிடைக்காவிட்டால் விடயத்துக்கே மதிப்பில்லாமல் போகிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவரைக் குறிக்கும் "வந்தான் வரத்தான்" என்ற நமது பழைய சொல்லின் வேலையை அது மரியாதையான மொழியில் செய்துவிடுகிறது.

இதில் மனத்தை உறுத்துவது என்னவென்றால், வன்னியில் வந்தவர் அல்லாதவர் மிகச் சிலரே. காடு வெட்டிக் குளத்தைத் திருத்தி அமைக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள், 1958இலும் 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வந்த மலையகக் குடும்பங்கள், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நீரேரி கடந்து வந்தவர்கள், 2009இல் போர் முடிந்தபின் முகாம்களில் இருந்து மீண்டவர்கள் என்று அடுக்கடுக்காக வந்து சேர்ந்த மக்களின் நிலம் இது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. திரும்பிய பிறகும் பலருக்குச் சொந்தக் காணி கிடைக்கவில்லை; வேறொரு ஊரில் இருந்துகொண்டார்கள். ஒவ்வொரு அலையும் தனக்கு முந்திய அலையிடம் வந்தான் வரத்தான் என்ற பெயரை வாங்கியது. சில ஆண்டுகள் போனதும் தனக்குப் பிந்தி வந்தவர்களுக்கு அதே பெயரைக் கொடுத்தது.

இது வன்னிக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். நோர்பேர்ட் எலியாஸ், ஜோன் ஸ்கொட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகருக்கு அருகே ஒரு சிறு ஊரை ஆராய்ந்து, 1965இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்த ஊரில் தொழிலாளர் குடியிருப்புகள் இரண்டு இருந்தன. ஒன்றில் இருந்தவர்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள். மற்றதில் இருந்தவர்கள் பின்னர் வந்தவர்கள், அவர்களில் இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த குடும்பங்களும் அடக்கம். மொழி, நிறம், தொழில், வருமானம் எதிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. யார் எத்தனை காலம் அங்கே இருந்தார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கழகங்களிலும் கோயில் சபையிலும் பொறுப்புகள் பழையவர்களிடமே இருந்தன. புதியவர்கள் ஒழுங்கற்றவர்கள் என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சு எப்படி நிலைக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. பழையவர்கள் தங்களைத் தங்களில் மிகச் சிறந்த சிலரை வைத்து மதிப்பிடுகிறார்கள். புதியவர்களை அவர்களில் மிக மோசமான சிலரை வைத்து மதிப்பிடுகிறார்கள். நமது குழுமங்களில் இதை நாள்தோறும் காணலாம். பழைய உறுப்பினர் ஒருவர் பிழையான செய்தியைப் பகிர்ந்தால் "அண்ணை பாக்காமல் போட்டிட்டார்" என்று முடிந்துவிடுகிறது. நேற்றுச் சேர்ந்தவர் அதே பிழையைச் செய்தால் "ஆரைப் பாத்தாலும் குறூப்பிலை சேர்த்தால் இப்படித்தான்" என்று வருகிறது. பழையவர்களுக்குள் பல ஆண்டுத் தொடர்பு இருப்பதால் இந்தப் பேச்சு ஒரு நாளில் எல்லா வீடுகளுக்கும் போய்விடும். புதியவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது என்பதால் அவர்களிடம் அதற்கு மறுபேச்சு உருவாவதில்லை.

தொண்டு என்ற காரணி இதன்மேல் ஏறும்போது நிலைமை இன்னும் இறுகுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு மாத முடிவில் கணக்குத் தீர்ந்துவிடும். தொண்டருக்கு அப்படித் தீர்வதில்லை. இரவில் வந்த அழைப்புகள், சொந்தக் காசில் அடித்த பெற்றோல், கேட்ட ஏச்சுகள் எல்லாம் சேர்ந்து, வாய்விட்டுச் சொல்லப்படாத ஓர் உரிமையாக மாறுகின்றன. 1959இல் எலியட் அரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் நடத்திய ஒரு சோதனை இதன் அடியைக் காட்டுகிறது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரி மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு அவர்கள் மிகவும் கூச்சம் தரும் ஒரு நுழைவுத் தேர்வை வைத்தார்கள். ஏனையோருக்கு இலேசான தேர்வு, அல்லது தேர்வே இல்லை. எல்லோருக்கும் பின்னர் கேட்கக் கிடைத்தது ஒரே சலிப்பூட்டும் உரையாடல்தான். கடுமையான தேர்வைத் தாண்டி வந்தவர்களே அந்தக் குழுவை அதிகம் விரும்பினார்கள். பட்ட பாடு கூடக் கூட, பெற்றதன் மதிப்பும் நம் கண்ணில் கூடுகிறது. "நாங்களும் இப்படிக் கஷ்டப்பட்டுத்தான் வந்தனாங்கள்" என்று ஒரு செயலாளர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் புதியவருக்கும் அவசியமா என்று கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

அடுத்தது, எழுதப்படாத விதிகள். எட்டுப் பேர் இருந்தபோது விதி எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் எட்டுத் தலைகளுக்குள் இருந்தன. வட்ஸ்அப் குழுமத்தின் உச்ச எண்ணிக்கை 2016இல் 256 ஆகவும் 2022இல் 1024 ஆகவும் உயர்ந்தது. ஆட்கள் வந்து நிறைந்தார்கள்; விதிகளோ அந்த எட்டுத் தலைகளுக்குள்ளேயே இருந்தன. பிறந்தநாள் படம் போடலாமா, பணம் சேர்ப்பதற்கு யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் குடும்பத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூடாது, "நிர்வாகம்" என்பது யார் யார் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. புதியவர் விதியை மீறும்போதுதான் அப்படி ஒரு விதி இருப்பதை அறிகிறார். அமெரிக்கப் பெண்ணியச் செயற்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் 1970இல் ஆற்றிய ஓர் உரையில், தலைவரும் அமைப்பும் இல்லாமல் இயங்குவதாகப் பெருமைப்பட்ட அக்காலப் பெண்கள் குழுக்களைப் பற்றி இதையே சொன்னார். அமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. அமைப்பை எழுதி வைக்காவிட்டால், நண்பர் வட்டமே அமைப்பாகிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதே தெரியாது. "நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே" என்ற அன்பான வார்த்தை புதியவர் கேள்வி கேட்கும் வழியை அடைத்துவிடுவது இப்படித்தான்.

எண்களோடு பார்க்க விரும்புவோருக்கு விக்கிப்பீடியா ஒரு தெளிவான பாடம். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு ஆண்டுகணக்காகச் சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தைத் தேடியது. புதியவர்களின் தரம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் பங்கு பெரிதாக மாறவில்லை. மாறியது அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு. விசமிகளைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட தானியங்கிகளும் விரைவுக் கருவிகளும் நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் முதல் முயற்சிகளையும் சேர்த்தே அழித்தன; மனிதர் எழுதும் பதிலுக்குப் பதிலாக அச்சடித்த எச்சரிக்கை ஒன்று போனது. முதல் முயற்சி அழிக்கப்பட்டவர் திரும்பி வருவது அரிது. விதிகளும் பெருகி இறுகிப்போயிருந்ததால், புதியவர்கள் அவற்றை மாற்றுவதும் கடினமாயிற்று. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்ற வழிகாட்டல் அத்தனை காலமும் அங்கே எழுதியேதான் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் ஆரம்ப ஆண்டுகளைத் தோளில் சுமந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அங்கே ஈழத்தவருக்கும் தமிழகத்தவருக்கும் இடையே சொல்லும் எழுத்துக்கூட்டலும் வேறுபடுவதால், கிரந்த எழுத்து வேண்டுமா, எந்த நாட்டு வழக்கைக் கொள்வது என்ற விவாதங்கள் நீண்ட காலம் நடந்தன. அவை பயனுள்ள விவாதங்களே. ஆயினும், முல்லைத்தீவில் இருந்து தன் ஊர்க் குளத்தைப் பற்றி முதன்முறையாக நான்கு வரி எழுதும் ஒரு மாணவனுக்கு, அந்த விவாதத்தின் முடிவு ஒரு திருத்தமாக மட்டுமே கண்ணில் படும்; அதன் பின்னால் இருந்த பேச்சு எதுவும் அவனுக்குத் தெரியாது.

சிறு குழுக்களுக்கும் இது பொருந்துமா என்றால் பொருந்தும். ஆரன் ஷா, பெஞ்சமின் மாகோ ஹில் இருவரும் 683 சிறு விக்கித்தளங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, தளம் வளர வளர, தொடக்கத்தில் பொறுப்பேற்ற சிறு வட்டம் அந்தப் பொறுப்பை மேலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக நிர்வாகிகளாவோர் குறைகிறார்கள். கட்சிகளும் சங்கங்களும் எவ்வளவு சனநாயக நோக்கோடு தொடங்கினாலும் சிலரின் கைக்குள் போய்விடும் என்று ரொபேர்ட் மிக்கெல்ஸ் 1911இல் எழுதியதற்கு இந்த நூற்றாண்டில் கிடைத்த சான்று என்று இதைக் கொள்ளலாம். நமது சனசமூக நிலையங்களினதும் விளையாட்டுக் கழகங்களினதும் வருடாந்தப் பொதுக்கூட்டங்களில் "பழைய நிர்வாகமே தொடரட்டும்" என்று முன்மொழிந்து வழிமொழியப்படும் அந்த ஒரு நிமிடத்தைக் கண்டவர்களுக்கு, இதில் புதிதாக எதுவும் இராது.

ஆசிரியைக்குக் கிடைத்த இரண்டு மணிநேர மௌனத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். திட்டினால்தான் புண்படும், பேசாதிருப்பதால் என்ன என்று பலர் எண்ணுகிறார்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் இணையத்தில் ஒரு பந்து விளையாட்டை உருவாக்கினார்: மூவர் பந்தை மாறி மாறி எறிய வேண்டும், சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1486 பேர் பங்குபற்றினார்கள். முகம் தெரியாத இருவர், பொருளற்ற ஒரு விளையாட்டு. அதில் ஒதுக்கப்பட்டபோதும் மனிதர்கள் மனம் தளர்ந்தார்கள், தாங்கள் எங்கும் சேராதவர்கள் என்று உணர்ந்தார்கள். பின்னர் நடந்த ஒரு சோதனையில், எதிரே விளையாடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் அந்த உணர்வு எழுந்தது. நமது குழுமங்களில் ஒதுக்குபவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்லர். நாளை சந்தையில் காணப்போகிறவர்கள், கோயில் பொங்கலில் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள்.

பழையவர்களின் பக்கத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். யூஸ்நெற் என்ற பழைய இணையக் கலந்துரையாடல் வலையமைப்பில், செப்டெம்பர் தோறும் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் நுழைவார்கள்; ஓரிரு மாதங்களில் பழையவர்கள் அவர்களுக்கு வழக்கங்களைக் கற்பித்துவிடுவார்கள். 1993இன் பின் வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை அதற்குள் விடத் தொடங்கியதும் ஆண்டு முழுவதும் புதியவர்கள் வந்தார்கள், கற்பிப்பவர்கள் களைத்துப்போனார்கள். அந்தக் காலத்தை "முடிவில்லாத செப்டெம்பர்" என்று அவர்கள் அழைத்தார்கள். அதே கேள்விக்கு நாற்பதாவது தடவை பதில் சொல்லும் தொண்டரின் எரிச்சல் உண்மையானது. வேலையை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்குத் தொலைபேசியைத் திறப்பவர் அவர். களைத்த நிர்வாகிகள் எடுக்கும் இலகுவான வழி, நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பு. வட்ஸ்அப் அதை 2018இல் கொண்டுவந்தது. அவசர அறிவித்தலுக்கு அது நல்லது. அதையே நிலையாக வைத்துக்கொண்டால் குழுமம் ஓர் ஒலிபெருக்கியாகிவிடும், அடுத்த நிர்வாகி எங்கிருந்தும் உருவாக மாட்டார்.

புதியவர் எப்படி உள்ளே வருகிறார் என்பதற்கு ஜீன் லேவ், எற்ரியென் வெங்கர் இருவரும் 1991இல் தந்த விளக்கத்தில் லைபீரியத் தையற்காரர்கள் வருகிறார்கள். பயிலவந்த பையனுக்கு அங்கே முதலில் துணி வெட்டக் கொடுப்பதில்லை. தைத்து முடிந்த உடுப்புக்குப் பொத்தான் வைப்பதும் ஓரம் அடிப்பதும் அவனுக்குக் கொடுக்கப்படுகின்றன. பிழைத்தால் பெரிய நட்டமில்லை, செய்வதோ உண்மையான வேலை. முழு உடுப்பும் எப்படி இருக்கும் என்பதும் கைக்குள்ளேயே இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வாய்க்கால் துப்புரவுதான் நினைவுக்கு வந்தது. ஊரார் கூடிக் கூலியின்றிச் செய்யும் சிரமதானத்துக்குப் புதிதாக வருபவரிடம் எவரும் பூர்வீகம் கேட்பதில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்து, "தம்பி, அந்த மருதடியிலை இருந்து இஞ்சாலை வெட்டிக்கொண்டு வாரும்" என்கிறார்கள். பதினொரு மணிக்குத் தேத்தண்ணி வரும்போது அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நிலத்தில் இவ்வளவு இயல்பாக நடப்பது திரையில் நடப்பதில்லை. திரையில் மண்வெட்டி இல்லை. சொல்லாமலே விளங்கும் வேலை அங்கே இல்லாதபடியால், அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சேர்ந்த நாளிலேயே ஒருவர் பெயர் சொல்லி வரவேற்று, "கொப்பிக் கணக்கை நீங்கள் பாருங்கோ" என்று ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்தால், ஆளை அறிவதும் அதற்குள்ளேயே நடந்துவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012இல் தொடங்கிய "தேநீர்ச்சாலை" இதற்கு நெருக்கமான முயற்சி: புதியவர் எந்தக் கேள்வியையும் கேட்கலாம், அனுபவமுள்ள ஒருவர் விதி எண்ணைக் காட்டாமல் பொறுமையாகப் பதில் சொல்வார். அங்கே அழைக்கப்பட்டவர்கள் அழைக்கப்படாதவர்களை விடத் தொடர்ந்து பங்களித்தார்கள் என்பது பின்னர் அளந்து காட்டப்பட்டது.

எழுதி வைப்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. குளத்துக்குக் கீழ் பயிர் செய்பவர்களின் காலபோக (மழைக்காலப் பயிர்), சிறுபோக (கோடைப் பயிர்)க் கூட்டங்களில் எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் செய்வது, எப்போது மூடுவது என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவாகி எழுதப்படுகிறது. சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் பயிரிடும் ஏக்கரும் குறையும். அதில் மனக்கசப்பும் வாக்குவாதமும் வராத ஆண்டு இல்லை. ஆனாலும் சென்ற ஆண்டு காணி வாங்கி வாய்க்காலின் கடைசியில் வயல் செய்பவரும் எழுந்து நின்று, எழுதப்பட்ட திகதியைக் காட்டித் தன் தண்ணீரைக் கேட்க முடியும். தொண்டர் குழுமத்தில் அவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஆசிரியை போன பிறகு சில மாதம் கழித்து, அந்தக் குழுமத்தின் செயலாளரை வீட்டில் சந்தித்தேன். ஆறு ஆண்டுப் பற்றுச்சீட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். "இதை ஆரிட்டையாவது குடுத்தால் நிம்மதி. கேக்க ஒருத்தரும் வரயில்லை" என்றார். கேட்க வந்தவர்களில் ஒருவரைப் பற்றி நான் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, நிர்வாகத்தில் இருப்பவர்கள் யார், பணம் எப்படிச் சேர்கிறது, எதற்குச் செலவாகிறது, யோசனை இருந்தால் யாரிடம் எந்த நாளில் சொல்வது என்று கொப்பித் தாள் ஒன்றில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அதைப் படம் பிடித்துக் குழுமத்தின் மேற்பகுதியில் நிலையாக நிற்கும்படி வைத்தோம். அன்றிரவே ஆசிரியையின் வீட்டுக்குத் தன் மனைவியுடன் போய் வந்தார்.

மூன்றாம் நாள், குழுமத்தில் இரண்டு ஆண்டுகளாக இருந்தும் ஒரு சொல் எழுதாத இளைஞர் ஒருவர் அந்தப் படத்தின் கீழே கேட்டார்: றோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருபது வீட்டாரும் பொதுக்கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள், அவர்களில் ஒருவர்கூட இந்தக் குழுமத்தில் ஏன் இல்லை?

அந்த ஞாயிறு கூட்டம் இரண்டரை மணிநேரம் நடந்தது.